உடம்பு எழுதி வைக்கும் கணக்கு
(இரத்தம், சிறுநீர், முடி, எலும்பு இவற்றில் நச்சு உலோகங்களை அளப்பது பற்றி ஒரு பாடக் கட்டுரை)



"மலருக்குக் கவிதை ஏகப்பட்டது வந்துடுச்சு. நீயாவது உருப்படியா ஒரு பாடக் கட்டுரை குடு" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பாடப் புத்தகத்தில் உள்ளதையே திருப்பி எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு, அதன் மூலமாக நான் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி மலைக்குப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான். என் தாய்மாமாவும் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். கூலி கட்டவில்லை என்று தறியை விட்டுவிட்டு, சென்னைக்கு வடக்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஒரு பட்டறையில் வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் ஓடியது. மாதம் ஒரு முறை அழுக்குத் துணி மூட்டையோடு ஊருக்கு வருவார். போன ஆடிக் கிருத்திகைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி, மலச்சிக்கல், எந்நேரமும் அசதி. பாவு நூல் இழுக்கக்கூட மணிக்கட்டில் பலம் இல்லை. அல்சர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அத்தை வேண்டிக்கொண்டபடி திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் ஒரு தனியார் லேபின் ஏஜென்ட் வந்தார். "ஈயப் பட்டறையில வேலை செஞ்சவரா? ஒரு கொத்து முடி குடுத்தா போதும், உடம்புல என்னென்ன மெட்டல் இருக்குன்னு எல்லாம் சொல்லிடுவோம்" என்றார். ஆயிரக்கணக்கில் கட்டணம் சொன்னார். மாமா தலையைத் தடவிக்கொண்டு, "இன்னா மாப்ள, முடி வேணுமாமே! இனிமே முருகன்கிட்டதான் போய் கேக்கணும்" என்று சிரித்தார். அத்தை அழுதேவிட்டார்: "இருந்த ஒரே சாட்சியையும் மலையில குடுத்துட்டு வந்துட்டோமே!"

விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் துறை விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஈயத்துக்கு முடியை எதுக்குய்யா கேட்டான்?" இரண்டாவது கேள்வி: "வேலையை விட்டு எத்தனை நாள் ஆச்சு?" இந்த இரண்டு கேள்விகள்தான் இந்தக் கட்டுரை முழுவதும். எந்த உலோகத்துக்கு எந்த மாதிரி? எப்போது எடுத்த மாதிரி?

1. காற்றை அளப்பதா, ஆளை அளப்பதா?

ஒரு பட்டறையில் நச்சு உலோகம் எவ்வளவு என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அங்குள்ள காற்றையும் தூசியையும் தண்ணீரையும் அளப்பது. மற்றொன்று, அங்கு வேலை செய்யும் மனிதரின் உடம்பிலிருந்து ஒரு சிறு மாதிரி எடுத்து அளப்பது. முதல் வழி, வெளியே என்ன இருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது வழி, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லும். ஒரே பட்டறையில் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவரில் ஒருவர் கை கழுவாமல் டிபன் சாப்பிடுவார், மற்றவர் கழுவிவிட்டுச் சாப்பிடுவார். காற்றின் அளவு இருவருக்கும் ஒன்றுதான். இரத்தத்தின் அளவு ஒன்றாக இராது.

இங்கே அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரத்தத்தில் உள்ள ஈயத்தை, 1 டெசிலிட்டருக்கு (100 மி.லி.) இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்வார்கள். மைக்ரோகிராம் என்றால் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 என்ற அளவு இருந்தால் மொத்த இரத்தத்திலும் உள்ள ஈயம் அரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் சில நூறில் ஒரு பங்கு! இவ்வளவு நுணுக்கமான கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு ஞாபக சக்தி

உடம்புக்குள் போன உலோகம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. இரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரில் வெளியேறுகிறது, வளரும் முடியிலும் நகத்திலும் படிகிறது, எலும்பில் போய்த் தங்குகிறது. உள்ளே போன அளவில் பாதி வெளியேற ஆகும் காலத்தை அரை ஆயுட்காலம் என்கிறோம். கதிரியக்கப் பாடத்தில் படித்த அதே சொல்தான்.

ஈயம்: இரத்தத்தில் இதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே இரத்தம் கடந்த சில வாரங்களின் கணக்கைச் சொல்லும். ஆனால் பெரியவர் உடம்பில் உள்ள ஈயத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். கால்சியம் என்று நினைத்து எலும்பு அதைச் சேர்த்து வைக்கிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால் இரத்தம் கைச்செலவு, எலும்பு வங்கி இருப்பு. கர்ப்ப காலத்திலும் முதுமையிலும் எலும்பு கரையும்போது அந்த இருப்பு மறுபடியும் இரத்தத்துக்கு வரும்.

பாதரசம்: இதற்கு இரண்டு முகம். தெர்மாமீட்டரில் உள்ள பாதரசத்தின் ஆவியைச் சுவாசித்தவருக்குச் சிறுநீர்தான் சரியான மாதிரி. அரை ஆயுட்காலம் சுமார் இரண்டு மாதம். மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்துக்கு இரத்தமும் முடியும் சரியான மாதிரிகள்.

காட்மியம்: சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் வரை தங்கும். அதனால் சிறுநீரில் காட்மியம், ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சுமையைக் காட்டும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு இது கூடுதலாக இருக்கும்.

ஆர்சனிக்: சிறுநீரில் சில நாட்களில் போய்விடும். முடியிலும் நகத்திலும் சில மாதங்கள் நிற்கும். மேற்கு வங்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரால் வந்த ஆர்சனிக் நோயை 1983-ல் கல்கத்தா தோல் மருத்துவர் கே.சி. சாகா கண்டறிந்தார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி குழுவினர் கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீரோடு கூட மக்களின் முடி, நகம், சிறுநீர் மூன்றையும் சேகரித்து அளந்தார்கள்.

குரோமியம்: எங்கள் பக்கத்து இராணிப்பேட்டையில், 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்த கதை உங்களுக்குத் தெரியும். ஆறு இணைதிறன் குரோமியம் இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்துவிட்டால் அந்த அணு சாகும் வரை, அதாவது சுமார் 120 நாள், அங்கேயே இருக்கும். மூன்று இணைதிறன் குரோமியம் அப்படி எளிதில் நுழையாது. ஆகவே சிவப்பணுவைத் தனியே பிரித்து அளந்தால், உள்ளே போனது எந்த வகை என்றுகூடக் கண்டுபிடிக்கலாம்.

3. முடி: ஒரு நாட்காட்டி

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒரு படி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள் அல்லவா? முடியில் அந்த ஒரு வருஷம் என்பது 12 சென்டிமீட்டர். வேர்ப்பக்கம் இந்த மாதம், நுனிப்பக்கம் போன வருஷம். நெய்த துணியை விரித்துப் பார்த்து, "இந்த முழத்துல நூல் மாறியிருக்கு" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். முடியையும் அப்படிப் படிக்கலாம்.

1971-72-ல் ஈராக்கில் இதைச் செய்தார்கள். விதைப்பதற்காக மெத்தில் பாதரச மருந்து பூசி இறக்குமதி செய்த கோதுமையை, மக்கள் அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்ததாகப் பதிவாயிற்று. நீண்ட கூந்தல் உள்ள பெண்களின் முடியைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கி அளந்தபோது, எந்த மாதம் ரொட்டி சாப்பிட ஆரம்பித்தார்கள், எந்த மாதம் நிறுத்தினார்கள் என்பது அப்படியே ஏறி இறங்கும் கோடாகத் தெரிந்தது.

ஆய்வகத்தில் வேலை செய்யும் நாம் மறக்கக் கூடாத ஒரு பெயர் காரன் வெட்டர்ஹான். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியை. 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசம் சில துளி அவருடைய ரப்பர் கையுறை மேல் விழுந்தது. கையுறையைத் தாண்டி அது தோலுக்குள் போய்விட்டது. பல மாதம் கழித்துத்தான் நோய் தெரிந்தது. 1997 ஜூனில் இறந்தார். அவருடைய முடியை அளந்தபோது ஒரே ஒரு கூர்மையான உச்சம் இருந்தது. பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதல்ல, அந்த ஒரு நாள் சம்பவம்தான் காரணம் என்று முடி சொல்லிவிட்டது.

இவ்வளவு நல்ல சாட்சியை ஈயத்துக்கு ஏன் கூப்பிடக் கூடாது? மேலே சொன்ன இரண்டு கதைகளிலும் உலோகம் சாப்பாட்டின் வழியாகவோ தோலின் வழியாகவோ உள்ளே போய், இரத்தத்திலிருந்து முடிக்கு வந்தது. பேட்டரிப் பட்டறையிலோ ஈயத்தூள் வெளியிலிருந்தே தலையில் படிகிறது. எவ்வளவு கழுவினாலும், உள்ளிருந்து வந்தது எது, வெளியிலிருந்து ஒட்டியது எது என்று பிரிக்க முடியாது. பாதரச ஆவிக்கும் இதே தொல்லை உண்டு. போதாக்குறைக்கு முடிச்சாயம், ஷாம்பு வேறு. 2001-ல் அமெரிக்காவில் ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு தனியார் லேப்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பல தனிமங்களுக்கு ஒரு லேப் சொன்னதற்கும் இன்னொரு லேப் சொன்னதற்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்!

ஆகவே மாமா மொட்டை போட்டதால் எதுவும் கெட்டுப் போகவில்லை. இதை நான் அத்தையிடம் சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

4. பல்லும் தொப்புள்கொடியும்

நம் பக்கத்தில் பால் பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரை மேல் போடுவார்கள். பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் அந்தப் பல்லைக் கேட்டு வாங்கினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளின் பால் பற்கள். எலும்பைப் போலவே பல்லும் ஈயத்தைச் சேர்த்து வைக்கும். நோயே இல்லை என்று நினைத்த குழந்தைகளில், பல்லில் ஈயம் கூடுதலாக இருந்தவர்கள் அறிவுத்திறன் தேர்விலும் வகுப்பில் கவனிப்பதிலும் பின்தங்கியிருந்தார்கள். 1979-ல் வெளியான இந்த ஆய்வுதான் பலருடைய கண்ணைத் திறந்தது.

குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் போட்டுக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஜப்பானிலும் அதைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் வழக்கம் இருக்கிறது. மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவின் மெத்தில் பாதரசம் மீன் வழியாகப் பரவிய நோய் 1956-ல் வெளிப்பட்டது. பிறவியிலேயே ஊனமான குழந்தைகளுக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வந்தது. வீடுகளில் பத்திரமாக இருந்த காய்ந்த தொப்புள்கொடிகளை 1970-களில் அளந்தார்கள். அந்தந்த வருஷத்துப் பாதரசம் அதில் அப்படியே இருந்தது!

5. மாதிரி எடுப்பதில் உள்ள கவனம்

இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், மாதிரி கெட்டால் விடை கெட்டதுதான். அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன், பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956-ல் கணக்கிட்டவர். ஈயத்தை அளந்துதான் அதைச் செய்தார். அவருக்குப் பெரிய தொல்லை பாறையால் வரவில்லை, தன் ஆய்வகத் தூசியில் இருந்த ஈயத்தால் வந்தது. தூசியே இல்லாத அறையைக் கட்டிய பிறகுதான் கணக்கு நேரானது.

விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுப்பதானால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஸ்பிரிட் பஞ்சு கிருமியைப் போக்கும், ஈயத்தூளைப் போக்காது. இரத்தம் பிடிக்கும் குழாய் உலோக மாசு இல்லாதது என்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சிறுநீர்ப் புட்டியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும் என்பதால், கூடவே கிரியாட்டினின் அளந்து, 1 கிராம் கிரியாட்டினினுக்கு இவ்வளவு உலோகம் என்று கணக்கிடுவார்கள். முடியானால் பின்னந்தலையில், தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாட்காட்டி தலைகீழாகிவிடும்.

6. அளக்கும் இயந்திரம்

அடுப்பு நெருப்பில் உப்பு விழுந்தால் சுவாலை மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் அணு தனக்கே உரிய ஒளியை வெளிவிடுகிறது. எந்த ஒளியை வெளிவிடுமோ அதே ஒளியை விழுங்கவும் செய்யும். இதை வைத்து ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955-ல் அணு உட்கவர் நிறமாலை முறையை வெளியிட்டார். இரத்தத்தைச் சிறு கிராஃபைட் குழாயில் இட்டு, 2000 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் ஈயம் தனித்தனி அணுவாகப் பிரியும். 283.3 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்த்தால் ஈயத்தின் அளவு தெரியும்.

பாதரசத்துக்குச் சூடு தேவையில்லை. வெள்ளீய குளோரைடு சேர்த்தால் கரைசலில் உள்ள பாதரச அயனி உலோகமாக மாறி, சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவி 253.7 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். இதற்குக் குளிர் ஆவி முறை என்று பெயர். ஒரே நேரத்தில் பல உலோகங்களை அளக்க வேண்டுமானால் ஐ.சி.பி. நிறை நிறமாலைமானி இருக்கிறது. எந்த இயந்திரமானாலும் வெற்று மாதிரி, இரட்டை மாதிரி, சான்றளிக்கப்பட்ட மாதிரி மூன்றும் கூடவே ஓட வேண்டும். நம் ஆய்வகத் தேர்வில் "பிளாங்க் எங்கேப்பா?" என்று கேட்டு மார்க் குறைப்பார்களே, அதன் அருமை எனக்கு இப்போதுதான் புரிந்தது.

7. கொடைக்கானல் சொல்லும் பாடம்

இனி நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியிடமும் பிறகு இந்துஸ்தான் லீவரிடமும் இருந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

தொழிலாளர்களின் உடல்நலக் கேடு பாதரசத்தால் வந்ததுதானா என்பதே பிறகு எழுந்த பெரிய கேள்வி. தங்கள் ஆய்வுகளில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்றது கம்பெனி. சென்னை உயர்நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, தொழிலாளர்களின் அப்போதைய நிலைக்கும் பழைய பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 2007-ல் கூறியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வோ, தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் உண்டு என்று 2011-ல் கூறியது. கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். சிறுநீரில் பாதரசத்தின் அரை ஆயுட்காலம் இரண்டு மாதம். தொழிற்சாலை மூடி ஐந்து வருஷம் என்றால் 30 அரை ஆயுட்காலம். 2-ஐ 30 தடவை பெருக்கினால் 107 கோடிக்கு மேல். அதாவது ஐந்து வருஷம் கழித்து எடுத்த சிறுநீரில், வேலை செய்த காலத்துப் பாதரசம் நூறு கோடியில் ஒரு பங்குகூட இராது. "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். ஆனால் அந்த "இல்லை"க்கு அர்த்தம் "அன்று இல்லை" என்பதல்ல. பாதரசம் போய்விடும், அது நரம்பிலும் சிறுநீரகத்திலும் செய்த சேதம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை செய்த அந்தந்த மாதத்தில் எடுத்த சிறுநீர்க் கணக்கு ஒன்றுதான் அந்தக் காலத்தைப் பற்றி நேராகப் பேசும்.

இதில் இன்னொரு சாட்சியும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகத்தினர், கொடைக்கானல் மரங்களில் படர்ந்திருந்த லைக்கனையும் பாசியையும் சேகரித்துப் பாதரசம் அளந்து 2003-ல் வெளியிட்டார்கள். வேர் இல்லாத இந்த உயிரினங்கள் காற்றிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்பவை. தொழிற்சாலையிலிருந்து காற்றில் பாதரசம் பரவியிருந்ததை அவை காட்டிக்கொடுத்தன. மனித உடம்பு மறந்ததை மரத்துப் பாசி மறக்கவில்லை.

8. "நார்மல்" என்ற சொல்

ஐப்பசியில் மாமாவைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இரத்தத்தில் ஈயம் பார்த்தோம். 38 என்று வந்தது. ரிப்போர்ட் ஓரத்தில் "40 வரை நார்மல்" என்று அச்சிட்டிருந்தது. பட்டறையிலிருந்து போன் செய்த மேஸ்திரி, "அதான் நார்மல்னு போட்டிருக்கே, கெளம்பி வா" என்றார்.

நான் பெரிய கெட்டிக்காரன்போல் கணக்குப் போட்டேன். வேலையை விட்டு மூன்று மாதம், அதாவது மூன்று அரை ஆயுட்காலம். 38-ஐ மூன்று தடவை இரட்டித்தால் 304! சாரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். "முன்னூறு இருந்திருந்தா உங்க மாமா நடந்து வந்து பஸ் ஏறியிருக்க மாட்டார். எலும்பை மறந்துட்டியே! கைச்செலவு குறையக் குறைய வங்கியிலிருந்து வந்துக்கிட்டே இருக்கும். அதனால இறங்குற வேகம் கம்மி. ஒண்ணு மட்டும் நிச்சயம். வேலை செஞ்சப்போ 38-க்கு மேலதான் இருந்திருக்கு. எவ்வளவு மேலன்னு அப்ப எடுத்திருந்தாத்தான் சொல்ல முடியும்."

அந்த 40 எங்கிருந்து வந்தது? 1978-ல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, ஈயம் ஏறியதால் வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட தொழிலாளி, 40-க்குக் கீழே இறங்கினால் திரும்ப வேலைக்கு வரலாம். அது வேலைக்குத் திரும்பும் எல்லைதானே ஒழிய, ஆரோக்கியத்தின் எல்லை அல்ல. குழந்தைகளுக்கான எல்லையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1960-களில் அது 60-ஆக இருந்தது. 1971-ல் 40, 1975-ல் 30, 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5 என்று அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. குழந்தையின் உடம்பு மாறவில்லை, நம் அறிவு வளர்ந்திருக்கிறது. பாட்டர்சன் குழுவினர் பெரு நாட்டின் பழங்கால எலும்புகளை அளந்தபோது, இன்றைய மனிதரின் எலும்பில் அதைப்போலப் பல நூறு மடங்கு ஈயம் இருப்பதைக் கண்டார்கள். எல்லோருக்கும் இருப்பது என்பதாலேயே ஒன்று இயற்கையாகிவிடாது.

நம் சென்னையிலேயே 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளை அளந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 11.4 என்று வந்தது. ஈயம் கூடக்கூட வகுப்பில் கவனம் குறைவதும் தெரிந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய பெயிண்ட், பேட்டரித் தொழில் இவை தொடர்கின்றன. சமையலறையில் ஈயச் சொம்பும் இருக்கிறது. ரசம் வைப்பதற்குரியது வெள்ளீயச் சொம்பு. அதில் விலை மலிவான காரீயத்தைக் கலந்தால், புளிக்கரைசல் அதைக் கரைத்துத் தட்டுக்கே கொண்டுவந்துவிடும். இரண்டு உலோகத்தையும் "ஈயம்" என்ற ஒரே பெயரில் அழைப்பதால் வரும் ஆபத்து இது.

இங்கேதான் எனக்கு அந்த அழுக்குத் துணி மூட்டை ஞாபகம் வந்தது. மாதா மாதம் அத்தை அதை வீட்டு முற்றத்தில் உதறித் துவைப்பார். மாமாவின் நாலு வயது மகள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருப்பாள். அவளையும் கூட்டிப்போய் இரத்தம் எடுத்தோம். 9 என்று வந்தது. 2012-க்கு முன்னால் என்றால் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று அனுப்பியிருப்பார்கள். இப்போது டாக்டர், வீட்டை ஈரத்துணியால் துடைக்கவும், பழைய துணிகளை அப்புறப்படுத்தவும், இரும்புச் சத்தும் கால்சியமும் உள்ள உணவு கொடுக்கவும் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.

9. நாம் செய்ய வேண்டியவை

நண்பர்களே, டிப்ளமா முடித்ததும் நம்மில் பலர் பேட்டரி, முலாம் பூசுதல், தோல், சாயம், பெயிண்ட் கம்பெனிகளுக்குத்தான் போகப் போகிறோம். சிலர் சூப்பர்வைசர் ஆகி, மற்றவரை வேலை வாங்கப் போகிறோம். ஆகவே:

1) வேலையில் சேரும் முன்பே ஒரு முறை இரத்தம் அல்லது சிறுநீர் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆரம்பக் கணக்கு இல்லாமல் ஏற்றத்தைக் காட்ட முடியாது.

2) வேலை செய்துகொண்டிருக்கும் காலத்திலேயே பரிசோதனை நடக்க வேண்டும். நீண்ட விடுப்பில் இருந்துவிட்டு வந்து எடுத்தால் அது விடுப்பின் கணக்குத்தான்.

3) ரிப்போர்ட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி எடுத்த தேதி, கடைசியாக வேலை செய்த தேதி இரண்டும் அதில் இருக்கட்டும்.

4) "நார்மல்" என்ற சொல்லைப் படிக்காதீர்கள். எண்ணைப் படியுங்கள். போன தடவை எண்ணோடு ஒப்பிடுங்கள்.

5) எந்த உலோகம் என்று தெரிந்துகொண்டு அதற்குரிய மாதிரியைக் கேளுங்கள். ஒரு கொத்து முடியில் எல்லாம் தெரியும் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

6) வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பட்டறையிலேயே குளித்து, மாற்றுத் துணியில் வீடு திரும்புங்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணை ஒன்று இருந்தது. அதில் முதலில் நின்றது ஈய நச்சு. பார்த்த டாக்டர் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அட்டவணை அத்தனை வருஷம் இருந்தும், மாமாவுக்கு அல்சர் மாத்திரைதான் கிடைத்தது. அளந்து பார்த்தால் தெரியும் என்பதே எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மாமா இப்போது பட்டறைக்குப் போகவில்லை. கூலி குறைவுதான் என்றாலும் மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டார். தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. "மாப்ள, இப்ப முடி இருக்கு, வேணுமா?" என்று கேலி பண்ணுகிறார். எனக்கு வேண்டியது முடி அல்ல. தை மாதம் அவர் மகளுக்கு மறுபடியும் எடுக்கப்போகும் இரத்த ரிப்போர்ட்தான். 9 என்ற எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

 

மூன்றாம் ஆண்டு மாணவன்,
வேதிப் பொறியியல் துறை.